ஐந்நூறு நாற்காலிக்குப் போட்ட கையெழுத்து

சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவனை எந்த முதலாளியும் ஏமாற்றலாம். என்னை முதலில் ஏமாற்றியவர் கனகசபாபதி.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே இரும்பு உருக்கும் ஆலை வைத்திருந்தவர் அவர். எனக்குத் தேர்வாய் கண்டிகை போகிற சாலையில் கடை. அஞ்சாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பந்தல் கழி நடுவதுதான் தெரியும். கல்யாண ஆர்டரைவிட ஃபாக்டரி ஆர்டர்தான் எனக்கு அதிகம். பூமி பூஜை, திறப்பு விழா, ஆயுத பூஜை, கண் பரிசோதனை முகாம், இலவசம் கொடுக்கிற விழா, இரங்கல் கூட்டம் எல்லாவற்றுக்கும் மேலே என் துணி, கீழே என் சேர். நீங்களும் அந்தச் சேரில் உட்கார்ந்திருப்பீர்கள். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்கு வந்த முதலாளிக்குக் கை தட்டியிருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நீங்கள் முன்னாலிருந்து பார்த்ததை நான் மேடைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

கனகசபாபதி எனக்கு ஒன்று தரவேண்டும். பந்தல் வாடகையை அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிட்டார். நான் கேட்பது வேறு.

பட்டா யார் பேரில்?

அவர் ஆலையில் இன்னொரு உலை வைக்க நினைத்தார். அதற்கு ஊர் ஜனங்களைக் கூட்டி, அதிகாரிகள் முன்னால் கருத்துக் கேட்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பந்தல் என்னுடையது. முந்தின நாள் கழி நட்டுக்கொண்டிருந்தேன். அவரே காரைவிட்டு இறங்கி வந்தார். “முனுசாமி, உனக்கு எந்த ஊர்?” என்றார். சொன்னேன். “நம்ம காம்பவுண்டுக்குப் பின்னாடியா? நெலம் கிலம் இருக்கா?” என்றார். இரண்டு ஏக்கர் சொச்சம் இருக்கிறது, அண்ணன் ஏழுமலைதான் பயிர் வைக்கிறார் என்றேன். “பட்டா யார் பேர்ல?” என்றார். இரண்டு பேர் பேரிலும் கூட்டுப் பட்டா என்றேன். தோளில் தட்டிவிட்டுப் போனார். இவ்வளவு பெரிய ஆள் என் நிலத்தை விசாரிக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போய் என் சம்சாரத்திடம் வேறு சொன்னேன்.

மறுநாள் காலை ஸ்டோர் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். ஐந்நூறு சேர் வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து என்றார். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிப் போட்டேன். எல்லாக் கம்பெனியிலும் போடுவதுதான். கூட்டத்தில் என் அண்ணன் எழுந்து, கையில் கொண்டுவந்த நெற்கதிரை உதறிக் காட்டி, கரி எப்படிப் படிகிறது பாருங்கள் என்று பேசினார். நான் மைக் செட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கூட்டத்து விவரத்தைப் பஞ்சாயத்து ஆபீஸில் தமிழில் ஒட்டினார்கள். உலையை வரவேற்று மனு கொடுத்தவர்கள் என்று ஒரு பட்டியல். பதினாலாவதாக என் பெயர். பக்கத்தில், ‘விவசாயி, ஆலையை ஒட்டிய நிலத்தின் பட்டாதாரர்’. என் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அன்றைக்கு அவர் என் வாசலுக்கு வரவில்லை. தன் வாசலிலேயே நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“எங்கம்மாக்கு ரெண்டு புள்ளன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். ஒண்ணு கம்பெனிக்குப் பொறந்ததுன்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

கை இல்லாத சேர்

அதற்காகத் தொழிலை விட முடியுமா? அடுத்த வாரமே ஒரு பெயிண்ட் டப்பா கம்பெனியில் தையல் மிஷின் கொடுக்கிற விழா. சுற்றுப்பட்டு நாலு ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கை வைத்த சேராகப் பார்த்துப் போட்டிருந்தேன். அந்த முதலாளி வரிசைக்கு நடுவில் நடந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கை இல்லாத சேர் போடு என்றார். முன் வரிசையில் மட்டும் சோபா.

வாடகையில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, “ரெண்டுக்கும் ஒரே ரேட்டுதான் சார்” என்றேன். அவர் சிரித்தார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டத்தில் கவனித்துப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை:

“கை வச்ச சேர்ல உக்காந்தா ஆள் சாஞ்சுக்குவான். சாஞ்சா யோசிப்பான். யோசிச்சா கேள்வி கேட்பான். கை இல்லாததுல முதுகு வலிக்கும், கொடுத்ததை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான்.”

நல்ல நேரத்துக்கு ரேட்

இது தேர்வாய் கண்டிகையில் ஒரு பூமி பூஜை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்ன வயது முதலாளி. பூஜைக்குத் திருவள்ளூரிலிருந்து பட்டர் ஒருவர் வந்திருந்தார், தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். வெள்ளிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம், பத்தரைக்கு ராகு காலம். கடன் கொடுத்த பேங்கின் பெரிய அதிகாரி வரவேண்டும், அவர் கார் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பதினொன்றுக்கு மேல்தான் வருவாராம்.

முதலாளி பட்டரை என் ஜெனரேட்டர் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பதினொன்றரைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். பட்டர் ராகு காலத்தை நினைவுபடுத்தினார். “எக்ஸ்ட்ரா என்ன ஆகுமோ சொல்லுங்க சாமி, பில்லுல சேர்த்துக்கலாம்” என்றார் முதலாளி. விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவர் வளர்ந்த விதத்தில் ரேட் இல்லாத பொருளை அவர் பார்த்ததில்லை போல. பட்டருக்குக் கோபமே வரவில்லை. எத்தனை முதலாளிக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தவர்! அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“எனக்குக் குடுக்கறதைக் குடுங்கோ, வாங்கிக்கறேன். ராகுவுக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லையே, அவருக்கு எப்படி பில் போடுவேள்?”

குழாயைத் திறக்காமல் ஒரு கிளாஸ்

ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு ஊர். அங்கே கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறதென்று ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனி முதலாளி சமாதானத்துக்கு வந்து, தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின் வைத்துக் கொடுத்தார். திறப்பு விழாவில் முதல் கிளாஸை அவரே குடிப்பதாக ஏற்பாடு. மேடையில் குழாய், குழாய்க்கு மாலை, பக்கத்தில் வெள்ளி டம்ளர்.

நான் திரைக்குப் பின்னால் மைக் செட்டோடு இருந்தேன். அவருடைய உதவியாளர் பைக்குள்ளிருந்து கடையில் விற்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, டம்ளரை நிரப்பிக் குழாய் பக்கத்தில் வைத்ததை நான் பார்த்தேன். முதலாளி ஒரே மூச்சில் குடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். முதல் வரிசைக்குப் பின்னால் இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு பொம்பளை மட்டும் தட்டவில்லை. கை தட்டல் ஓயும்வரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

“இன்னா நைனா, கொழாயத் தொறக்கவே இல்ல, கிளாஸு மட்டும் ரொம்பிக்கிச்சி? நீ குடிச்ச எடத்துலேர்ந்தே எனக்கும் ஒரு கொடம் ஊத்து.”

காசு கேள்

இதற்குள் என் வீட்டு விஷயம் முற்றிவிட்டது. அண்ணன் பயிர் நஷ்டத்துக்கு ஈடு கேட்டுக் கனகசபாபதிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பதில் நோட்டீஸில், நிலத்தின் பட்டாதாரர்களில் ஒருவரே எங்களை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று எழுதி வந்தது. அந்த மாசம் என் மகள் கல்யாணம். பத்திரிகையை அண்ணன் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் அது என் வாசலில் கிடந்தது. பெரியப்பா இல்லாமல்தான் மகள் மணமேடை ஏறினாள். அந்தப் பந்தலும் என்னுடையதுதான். அன்றைக்குத்தான் அது எவ்வளவு பெரிய பந்தல் என்று தெரிந்தது.

கனகசபாபதியைப் பார்க்க மூன்று நாள் கேட்டில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் கூப்பிட்டார். ஏசி அறை, குளிர்ந்த மோர். அவரைக் கொடுக்காத மனுஷர் என்று சொல்லமாட்டேன். டிரைவருடைய நெஞ்சு ஆபரேஷனுக்கு முழுச் செலவையும் கொடுத்தவர். நான் கேட்டது ஒரு வரி. ‘முனுசாமி போட்ட கையெழுத்து சேருக்குப் போட்டது, உலைக்குப் போட்டதில்லை’ என்று கம்பெனித் தாளில் எழுதிக் கொடுங்கள், பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டிவிடுகிறேன் என்றேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கவரை என் பக்கம் தள்ளினார். மகள் கல்யாணத்துக்கு என்றார். நான் எடுக்கவில்லை. எவ்வளவு தடிமன் என்று பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன், ஆனால் எடுக்கவில்லை. அவர் கவரைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு சொன்னார்:

“காசு கேளு முனுசாமி, யோசிக்காம தரேன். காசு கொடுத்தா அன்னையோட முடிஞ்சுது. ஒரு வரி எழுதிக் கொடுத்தா, அது எந்தக் காலத்துலயும் முடியாது.”

சமையல் கொட்டகையில் ஒரு முதலாளி

நட்டு, போல்ட்டு செய்து முன்னுக்கு வந்த பெரியவர் ஒருவர். கடம்பத்தூர்க்காரர். கோடிக்கணக்கில் இருந்தும் சீசன் டிக்கெட்டில் ரயிலில் போய்வருகிறவர். அவர் மகன் புதிய ஃபாக்டரி திறந்தான். மெட்ராஸிலிருந்து ஆள் வந்து, கண்ணாடிக் கதவு வைத்த ஏசி பந்தல் போட்டார்கள். எனக்குக் கிடைத்தது பின்னால் சமையல் கொட்டகை மட்டும்.

விழா நடந்துகொண்டிருக்கும்போது பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் வந்துவிட்டார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து நாஷ்டா கேட்டார். அங்கே ஏசி இருக்கிறதே என்றேன். அது பேங்க் காசில் வருகிற குளிர், எனக்கு ஒத்துக்காது என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் குந்தி, என் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அண்ணன் பேசாததையும் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இப்படிப்பட்ட மனுஷன் கையில் அகப்பட்டிருந்தால் நமக்கு இந்தப் பேஜாரே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தட்டை நீட்டிச் சொன்னார்:

“நல்ல மனுஷன்னு நம்பி சொல்லிட்ட. நானும் மொதலாளிதான்பா. நானா இருந்தாலும் எழுதிக் குடுத்திருக்க மாட்டேன். இன்னும் ரெண்டு இட்லி போடச் சொல்லு.”

ஷிஃப்ட் வாரியாக மௌனம்

கனகசபாபதி ஒருநாள் காலையில் நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்து செத்துப்போனார். ஃபாக்டரியில் இரங்கல் கூட்டம். பந்தலுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். அழுகை வரவில்லை. எழுதவேண்டிய கை போய்விட்டதே என்றுதான் இருந்தது.

இரண்டு நிமிஷம் எல்லாரும் மௌனமாக நிற்கவேண்டும் என்று முடிவு. ஆனால் உலையை நிறுத்த முடியாது. நிறுத்தி மறுபடி சூடேற்ற ஆகிற கரண்டுச் செலவை மேனேஜர் தாளில் எழுதிக் காட்டினார். கனகசபாபதியின் மகன் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதனால் மௌனம் ஷிஃப்ட் வாரியாக நடந்தது. ஒவ்வொரு ஷிஃப்டும் மாறும்போது வருகிறவர்கள், போகிறவர்கள் நின்று, சூப்பர்வைசர் போனில் நேரம் பார்த்து, போதும் என்றதும் கலைந்தார்கள். மூன்றாவது மௌனத்துக்குள் உலைச் சூட்டில் அவர் படத்துக்குப் போட்ட மாலை கருகிவிட்டது. எனக்கே மனசு கேட்கவில்லை. அவரோடு கடைசிவரை இருந்த கணக்குப்பிள்ளை ஒரு ஓரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெத்த அப்பனுக்கு அரை மணி நேரம் நிறுத்தக்கூடாதா என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னைப் புரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்:

“நிறுத்தியிருந்தா பெரியவர் பொட்டியிலேர்ந்து எழுந்து வந்து, எவன்டா ஒலைய அணைச்சதுன்னு கேட்டிருப்பார்.”

வெயிலில் நின்றவர்

மகனுக்கு இப்போது மூன்றாவது உலை வேண்டும். மறுபடி கருத்துக் கேட்புக் கூட்டம், மறுபடி என் பந்தல். போய்க் கேட்டேன், அதே ஒரு வரி. மகன் மரியாதையான பிள்ளை, என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். அப்பா காலத்துப் பேப்பரில் கை வைக்க வக்கீல் விடமாட்டார் அங்கிள் என்றார். ரேட்டைக் கேட்காமலே ஏற்றிக் கொடுத்தார். “அதே எடத்துல திரும்பியும் கழி நடப்போறியா? வெக்கமா இல்ல?” என்றாள் என் சம்சாரம். எனக்கு ஒரு திட்டம் இருந்தது, அதனால் வாங்கிக்கொண்டேன். சேர் வந்து சேர்ந்த தாளில் இந்த முறை கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘சேருக்கு மட்டும்’ என்று தமிழில் எழுதினேன். ஸ்டோர் மேனேஜர் படித்துவிட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் வந்தார். பாதிச் சேர் காலியாகக் கிடந்தது. அவர் உட்காரவில்லை. பந்தலுக்குள்ளேயே வரவில்லை. என் துணி நிழல் முடிகிற இடத்துக்கு ஒரு அடி தள்ளி, எழுபது வயதில், வெயிலில் நின்றார். அவர் பெயரைக் கூப்பிட்டதும் என் ஆள் மைக்கைக் கொண்டுபோய் நீட்டினான். மைக்கும் என்னுடையது என்று அவருக்குத் தெரியும். வாங்கவில்லை. அங்கிருந்தே கத்திப் பேசினார்; நெல், கரி, கிணறு எல்லாம். கடைசி வரிசையைத் தாண்டி முன்னால் யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு நான் பெயர் கொடுத்தேன். ஹலோ, ஹலோ என்று எத்தனை வருஷம் சோதித்த மைக்! அன்றைக்குத்தான் அதில் பேசினேன். “போன கூட்டத்துல நான் போட்ட கையெழுத்து சேருக்கு. உலைக்குப் போடல” என்றேன். அதிகாரி நல்லபடியாகத்தான் சொன்னார், அது முடிந்துபோன கூட்டம் ஐயா, இன்றைக்கு ஆதரவா எதிர்ப்பா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று. எதிர்ப்பு என்றேன். கம்பெனியின் பந்தல்காரனே எதிர்ப்பா என்று கூட்டம் சிரித்தது. சோபாவில் இருந்த மகன்கூடச் சிரித்தார். நான் இறங்கி நேரே வெயிலுக்குப் போனேன். ஏழு வருஷத்தில் அண்ணன் பக்கத்தில் போய் நின்றது அன்றைக்குத்தான். “கேட்டியாண்ணா?” என்றேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

“கேட்டன்டா. நீ தெரிஞ்சி போடலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஆனா அவன் காசுல கழி நட்டு, அவன் பந்தல்ல நின்னுக்கினு நீ சொன்னா ஊர்ல எவன்டா நம்புவான்? எழுதி வாங்கின கம்பெனி வாயால வரட்டும், அப்பறமா உன் ஊட்டுக்கு வரேன்.”

பந்தல் வாடகை மறுநாள் காலையிலேயே ஒரு ரூபாய் குறையாமல் வந்துவிட்டது. அப்பனும் மகனுமாக எனக்குத் தரவேண்டிய அந்த ஒரு வரிதான் இன்னும் பாக்கி.